லேசில் சாகாத செடிகள்

எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுத்தான், பெண் பார்க்க வந்த விழுப்புரத்துக்காரர்கள் சித்தியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது அம்மாவின் முடிவு. அவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கிய ஒரு பெரிய அம்மாள் மட்டும், பூசாத முன்சுவரையும், மூலையில் கிடந்த மணல்மேட்டையும், அதில் குழி பறித்துப் படுத்திருந்த நாயையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் வூடு கட்டிக்கினுதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். நாங்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அம்மா அந்தக் கேள்வியை மறக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து பதில் வராமல் போனதும், அந்த ஒரு கேள்வியே பதிலாகிவிட்டது.

சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் வேலை. அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த மிச்சப் பாதியை நானே என் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வேன்.

அது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆவதற்கு வெகு காலம் முந்தி. எங்கள் தெரு ஊரின் மேற்கு ஓரத்தில், கரும்பு வயல் தொடங்கும் இடத்தில் முடிந்தது. வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். சில நாள் கைக்கு எட்டுகிற மாதிரி, சில நாள் யாரோ வரைந்து அழித்த மாதிரி.

சேலத்திலிருந்து இன்னொரு வரன் வரப்போகிறது என்று எங்கள் சபைப் போதகரின் வீட்டம்மா வந்து சொன்ன அன்று அம்மா மணல்மேட்டை அள்ளச் செய்தாள். நாய் ஒரு நாள் முழுவதும் அந்த இடத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்கு மாறிக்கொண்டது. சுவரைப் பூச இப்போதைக்கு வழியில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். அவர் வழியில்லை என்றால் இல்லைதான்.

"அப்ப பூச்செடி வைக்கலாம்" என்றாள் அம்மா. "செவுத்த மறைச்சிக்கினு நிக்கணும். வெல கம்மியா இருக்கணும். தெனமும் பூக்கணும். தண்ணி ஊத்த மறந்தா சாகக் கூடாது."

"அப்பிடி ஒரு செடிய கடவுள் இன்னும் படைக்கல" என்றார் அப்பா.

படைத்திருந்தார் என்பது அந்தச் சனிக்கிழமை தெரிந்தது.

பூந்தொட்டி வாங்கும் யோசனையே எங்களுக்கு இல்லை. பழைய பெயின்ட் வாளிகள் ஐந்து, எண்ணெய் டின் மூன்று, அடி விண்ட சிமென்ட் தொட்டி ஒன்று. அப்பா ஆணியைக் காய்ச்சி வாளிகளின் அடியில் ஓட்டை போட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் செங்கல் நிறம் அடித்தாள். வெயிலில் காயவைத்த ஒன்பதும் வரிசையாக, ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி நின்றன. பிறகு அம்மா, லேபிலிருந்து அப்போதுதான் வந்த சித்தியையும் துணைக்கு என்னையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

நர்சரி வடக்கனந்தல் போகும் சாலையில் இருந்தது. அங்கே போய் இறங்கியதும் நான் முதலில் கவனித்தது வெளிச்சத்தை. மேலே பச்சை வலை கட்டியிருந்தார்கள். அதன் வழியாக இறங்கிய வெயிலில் மண், குழாய், செடிகள், ஆட்கள் எல்லாம் குளத்தடியில் இருப்பதுபோல் தெரிந்தது. சித்தியின் வெள்ளை லேப் கோட்டு வெளிர்பச்சையாகியிருந்தது. நான் என் கையைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் பச்சை. மூச்சு விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

நர்சரிக்காரர் முழங்கால் வரை மண்ணோடு எழுந்து வந்தார். முப்பது வயது இருக்கும். அவரை எங்கள் சபையில் பார்த்திருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே எழுந்து போய்விடுவார்.

"வாங்க சிஸ்டர்" என்றார்.

"நான் சிஸ்டர் இல்லீங்க" என்றாள் சித்தி.

சித்தி நர்ஸ் இல்லை என்பதைத்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன்.

அம்மாவின் நிபந்தனைகளைச் சித்தி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?" என்றார்.

"மேக்க. மல தெரியும்."

"அப்ப மதியானத்துக்கு மேல வெய்யில் நேரா அடிக்கும். ரோஸ், சாமந்திலாம் வேணாங்க, வாடிக்கினே நிக்கும். இத எடுத்துக்கோங்க." அவர் காட்டியது டேபிள் ரோஸ். தரையோடு தரையாகப் படர்ந்து, சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாகச் சின்னச் சின்னப் பூ. "கிள்ளி வச்சா வேர் புடிச்சிக்கும். வாளி ஓரத்துல வழிஞ்சி தொங்கும். பின்னால உசரத்துக்கு நித்தியகல்யாணி. இத ஆடு கூட தின்னாது. ரோட்டோரத்துல, செவுத்து வெடிப்புல வளருற செடிங்க இது. இத சாகடிக்கிறது லேசு இல்ல."

சித்தி குனிந்து ஒரு நித்தியகல்யாணியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். "லேசு இல்லீங்களா?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் மடியில் இரண்டு செடிகள், சித்தியின் மடியில் மூன்று. கறுப்புக் கவரிலிருந்து ஈரம் என் பாவாடையில் இறங்கியது. சித்தி வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பார்த்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. கரும்பும், அதற்கு மேலே மலையும்தான்.

வாசல் மாறிவிட்டது. டேபிள் ரோஸ் காலையில் வெயில் ஏற ஏற விரிந்தது. நித்தியகல்யாணி வெள்ளையும் ஊதாவுமாக நாள் முழுவதும் பூத்தது. தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைத்தார்கள். பால்காரர் கூட மணி அடித்துவிட்டு நின்று பார்த்தார். அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்தாள். செடிகளுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஒரு பழைய டம்ளரால் ஒவ்வொரு வாளிக்கும் மூன்று முறை, அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லாமல் ஊற்றினேன்.

பத்தாம் நாள் ஒரு நித்தியகல்யாணி தலை சாய்ந்தது. மறுநாள் தண்டு கறுத்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொன்று.

"தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருக்கிற" என்று அம்மா என் காதைப் பிடித்தாள். "ஆசையா ஊத்தறன்னு சொல்லிக்கினு வேர அழுக வச்சிட்ட."

"மூணு டம்ளர்தாம்மா ஊத்தனேன்!"

"போவட்டும்கா, நான் போயி வேற வாங்கினு வரேன்" என்றாள் சித்தி. அவ்வளவு வேகமாக அவள் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை.

போனோம். நர்சரிக்காரர் காய்ந்த தண்டைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. சித்தியோடு வெகுநேரம் பேசினார்: மண் எப்படி, ஓட்டை போட்டிருக்கிறதா, வெயில் எவ்வளவு நேரம். சித்தி எல்லாவற்றுக்கும் முழுசாகப் பதில் சொன்னாள். நான் தண்ணீர்த் தொட்டியில் தவளைக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்தப் பச்சை வெளிச்சத்தில் நேரம் நகர்வது தெரியாது. நாங்கள் வெளியே வந்தபோது மலைமேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, கடைசி ஆட்டோவும் போய்விட்டிருந்தது. அவர்தான் சாலையில் போன ஒரு பால் வேனை நிறுத்தி ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு செத்தன. மறுபடி என் காது. மறுபடி ஷேர் ஆட்டோ. அப்புறம் இன்னும் ஒன்று.

அப்போதுதான் நான் பார்த்தேன். ஒரு காலை, பல் விளக்கப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சித்தி சோறு வடித்த கஞ்சியை, ஆவி பறக்கப் பறக்க, கரித்துணியால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நித்தியகல்யாணியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒரு குழந்தைக்குப் பால் புகட்டுகிறவள்போல. அவள் உதடு முணுமுணுத்தது. செடியிடம் மன்னிப்புக் கேட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"சித்தி! சுடுது!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யாராண்டயும் சொல்லாத பாப்பா. சொல்லமாட்ட இல்ல?"

"ஏன் சித்தி அத சாவடிக்கிற?"

அவள் ஏதோ சொல்லத் தொடங்கி, வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தாள். அந்த மிச்சப் பாதியை என்னால் எப்படியும் நிரப்ப முடியவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று மாலை அம்மா மூன்றாம் முறையாகக் காதைத் திருகியபோதும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாட்களில் ஞாயிறு பள்ளியில், விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த ரத்தசாட்சிகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமை வியாழக்கிழமை வரைக்கும்தான் நின்றது. அடுத்த ஞாயிறு சேலத்துக்காரர்கள் வருவதாக உறுதியாகிவிட்டது. செத்த செடிகளுக்குப் பதில் வாங்கிவர அம்மா எங்களை அனுப்பினாள். நர்சரியில் சித்தி தூரத்தில் செம்பருத்திப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நர்சரிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பப் பிரியமாக, "பாப்பா, செடிக்கு தண்ணி ஜாஸ்தி ஊத்தக் கூடாதும்மா. அதுக்கும் மூச்சு முட்டும்" என்றார்.

இவருமா! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் ஊத்தலண்ணா! சித்திதான் ஊத்துறாங்க! சோறு வடிச்ச கஞ்சிய, சுடச்சுட, வேர்ல! நான் என் கண்ணால பாத்தேன்!"

அவர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"தெரியாம ஊத்தல. வேணும்னே ஊத்துறாங்க. செத்ததும் ஒடனே இங்க வந்துர்றாங்க. அடிவாங்கறது நானு. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு சேலத்துல இருந்து சித்திய பொண்ணு பாக்க வராங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் சாவடிச்சிடுவாங்க!"

அவர் கையிலிருந்த குழாய் நழுவியது. தண்ணீர் பாத்தியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அவர் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. தண்ணீரை வீணாக்கினால் வேலையாட்களைத் திட்டுகிறவர், எழுந்து குழாயை மூடவில்லை. கவிழ்த்திருந்த ஒரு தொட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்து, செம்பருத்திப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ நடந்தது. செடிகளைக் கொன்ற செய்தி கேட்டவர் முகம் அது இல்லை என்று மட்டும் தெரிந்தது. பச்சை வெளிச்சத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை.

சித்தி வந்ததும் எழுந்து நின்றார். "இன்னைக்கு நல்ல செடி இல்லீங்க" என்றார். அவரைச் சுற்றி ஆயிரம் செடி நின்றது. "சனிக்கிழம நானே எடுத்துகினு வரேன்."

சிஸ்டர் என்று அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை மொபெட்டின் இரண்டு பக்கமும் கூடை கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் அந்திமந்தாரை, மொட்டும் மொட்டுமாக. "டேபிள் ரோஸ் மதியம் மூடிக்கும்ங்க" என்று அம்மாவுக்கு விளக்கினார். "நாலு மணிக்கு ஆளுங்க வந்தா பாக்க ஒண்ணும் இருக்காது. இது சாயங்காலம் விரியிற பூ. வெதை விழுந்தா போதும், தானா மொளைக்கும். வெலையும் கம்மி." சுவரின் பூசாத இடமெல்லாம் மறைகிற மாதிரி, உயரமானதைப் பின்னாலும் குள்ளமானதை முன்னாலும் மாற்றி மாற்றி வைத்தார். தெருவுக்குப் போய் நின்று பார்த்து, மறுபடி வந்து ஒரு வாளியை ஒரு சாண் நகர்த்தினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாருக்காகவோ ஒருவர் அவ்வளவு சிரத்தையாக ஒரு வாசலை அலங்கரித்து நான் அதற்கு அப்புறம் பார்த்ததில்லை. அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "தங்கமான புள்ள" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் கை கழுவச் சித்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் சிமென்ட் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். அவர் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"செடி செத்தாதான் வரணும்னு இல்லீங்க. சும்மாவே வரலாம்."

சித்தி ஊற்றிய தண்ணீர் அவர் கையில் விழவில்லை, கீழே விழுந்தது. அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். தொட்டிக்குப் பின்னாலிருந்த என்னை நேராகப் பார்த்தாள்.

வாக்குத் தவறியவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று முழுவதும் நான் சித்தியின் கண்ணில் படவில்லை. சாப்பிடும்போது அம்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. அதனாலோ என்னவோ அந்திமந்தாரை மூன்றரைக்கே விரிந்துவிட்டது. சேலத்துக்காரர்கள் காரை விட்டு இறங்கியதும் வாசலிலேயே நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "எவ்ளோ லட்சணமா வச்சிருக்கீங்க!" என்றார். அம்மாவின் முகத்தில் விழுப்புரம் முழுசாக அழிந்துபோனது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல சட்டை. காபி, கேசரி, ஜெபம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. போகும்போது, எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் சித்தி சொன்னாள்: "எனக்கு வேணாம் மாமா."

அப்பாவுக்குக் காதில் விழாத மாதிரி இருந்தது. "இன்னாம்மா?"

"வேணாம்."

"மாப்பிள்ளயாண்ட எதனா கொற தெரிஞ்சுதா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப ஏன்னு சொல்லு. அவங்களுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது?"

சித்தி திறந்த கதவு வழியாக மலையைப் பார்த்தாள். அம்மா அழத் தொடங்கிவிட்டாள். "தேடி வந்த நல்ல எடத்தப் போயி வேணாங்கிறியேடி? நான் செத்தா உனக்கு யாருடி இருக்கா?" அப்பா குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்று உயர்த்தினார். சித்தி சுவரோடு சுவராக நின்று, பட்டுப் புடவையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்த எல்லாத் துக்கத்துக்கும் காரணம் நான்தான் என்று எனக்கு ஒரே நொடியில் தெளிவாகிவிட்டது. நான் வாக்குத் தவறினேன், அதனால் சித்திக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது.

"நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான் சொல்லிட்டேன்! சித்தி சுடுகஞ்சி ஊத்தி செடிய சாவடிக்கிறத நர்சரி அண்ணாவாண்ட நான்தான் சொன்னேன்! சாவடிச்சிட்டு சாவடிச்சிட்டு அங்க போறாங்கன்னு சொல்லிட்டேன்! அவுரு சும்மாவே வரலாம்னு சொன்னாரு!"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு சித்தியை, பிறகு திறந்திருந்த கதவு வழியாக வாசலை.

"எத்தினி செடிடி?" என்றாள் கடைசியில்.

"ஏழு" என்றாள் சித்தி. அதைச் சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்ட அம்மா, அழுதுகொண்டிருந்தவள், சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் செய்தாள். என்னை உள்ளறைக்குப் போகச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு வெகுநேரம் கேட்டது. மண்ணுல பொரளுற வேலை என்று அம்மா சொன்னது ஒரு முறை கேட்டது. அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை காலை அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை இரண்டு முறை வாரிக்கொண்டு, யாரிடமும் சிரிக்காமல் வண்டியை எடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு அம்மா, "வடக்கனந்தல் ரோட்டுக்கு" என்று மட்டும் சொன்னாள். கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு, அப்பா அந்த அண்ணனை அடித்துவிடக் கூடாது, அடித்தாலும் மெதுவாக அடிக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன்.

பத்து மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அப்பாவுக்குப் பின்னால் நர்சரிக்காரர் உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டே வந்துவிட்டார்! நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டேன்.

அங்கிருந்து எனக்குக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. மண் உலராத இரண்டு கால்கள் வாசற்படியில் தயங்கி நின்றன. "உள்ள வாங்க, ஒக்காருங்க" என்றார் அப்பா. அடிக்கப்போகிறவரிடம் ஏன் இவ்வளவு மரியாதை என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவின் கால்கள் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக ஓடின. காபி வாசனை வந்தது. குற்றவாளிக்குக் காபியா? சித்தியின் கால்கள் கதவோரம் வந்து, ஒரு கொலுசை இன்னொன்றால் அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றன. பிறகு யாரோ சிரித்தார்கள். சித்தியின் குரல் மாதிரி இருந்தது. ஆனால் நான் அதற்கு முன் சித்தி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்பா கட்டிலுக்கடியில் குனிந்தார்.

"வெளிய வா. வந்து சித்தப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லு."

எனக்கு இருந்தது ஒரே சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவர் பெங்களூரில் இருந்தார். அவர் எப்போது வந்தார் என்று, தூசியோடு எழுந்து நின்று கூடம் முழுவதும் தேடிப் பார்த்தேன்.